வேரோரின் வணக்கம்

ஒரு மரத்தை எப்படி விளையாடுவது?

சிரிக்காதீர்கள். கோயம்புத்தூரில் ஏசி போட்ட அறைக்குள் பதினொரு பேர் உட்கார்ந்து ஐந்து மாதமாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. அவர்கள் செய்த 'ஏழ்வனம்' என்ற விளையாட்டில் அதுவரை மூன்று இனங்கள் இருந்தன: மனிதர், மலைக்குள்ளர், சிறகர். ஆட வருகிறவர் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்து நெற்றியில் வளையத்தை மாட்டிக்கொண்டால், அந்த இனத்தின் உடம்பு அவருடைய உடம்பாகிவிடும். வெறுமனே கண்ணுக்குப் படம் காட்டுகிற பழைய சாமான் இல்லை அந்த வளையம். சிறகின் கனம் தோளில் தெரியும். குள்ளரின் முதுகில் பாறை அழுத்துவது மூச்சுவரைக்கும் தெரியும்.

நான்காவதாக வேரோர் என்று மரமும் மனிதமும் கலந்த ஓர் இனத்தை இறக்கலாம் என்று முடிவு செய்தார்கள். படமெல்லாம் வரைந்தாயிற்று. பன்னிரண்டு அடி உயரம், முண்டும் முடிச்சுமாகக் கால்கள், தலையில் மயிருக்குப் பதில் கிளைக் கொத்து. பார்க்க ராஜா மாதிரி இருந்தார்கள். ஆனால் ஆடிப் பார்த்தவர்கள் பத்தாவது நிமிடம் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். "உள்ள ஒண்ணுமே இல்லீங்க. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கு" என்றான் ஒருவன்.

தொல்லை என்னவென்றால், வளையத்தால் உணர்வை ஊட்டத்தான் முடியும், உண்டாக்க முடியாது. உயிருள்ள ஓர் ஆளின் தலையில் பதிவு வளையத்தை மாட்டி, அவர் உடம்பு உணர்வதை எடுத்து வைத்துக்கொண்டு, அதைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சிறகருக்காக ஏலகிரியில் பாராகிளைடிங் செய்கிற இரண்டு பேரைப் பிடித்தார்கள். குள்ளருக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர். மரத்துக்கு யாரைப் பிடிப்பது?

வேரோர் பிரிவுக்குத் தலைவி மேனகா. முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, வேலையில் கெட்டிக்காரி. அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு. அப்போது அவள் தன் அண்ணன் அர்த்தநாரிக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டியில் டிரில்லராக ஒரிசா, சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். ஒரு நாள் அடுக்கியிருந்த இரும்புக் குழாய் சரிந்து பிடரியில் விழுந்தது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே ஒன்றையும் அசைக்க முடியாது. ஆனால் தொட்டால் தெரியும், சுட்டால் தெரியும், குளிர்ந்தால் தெரியும். சிலருக்கு இப்படியும் ஆகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

துளியும் நகராத உடம்பு. ஆனால் அத்தனையும் தெரிகிற உடம்பு.

'மரம்' என்று மேனகாவின் மனசு சொல்லிவிட்டது. சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெற்றவர்கள் போன பிறகு தங்கச்சியைத் தோளில் போட்டு வளர்த்த மனிதரைப் பார்த்து நினைக்கிற நினைப்பா அது? ஆனால் வந்தது வந்ததுதான். மத்தியானத்துக்குள் அது ஒரு திட்டமாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அதற்கு ஒரு பொய்யும் தயாராகிவிட்டது.

"ண்ணா, ஆஸ்பத்திரியில நரம்பு ஆராய்ச்சி ஒண்ணு பண்றாங்களாம். தலையில ஒரு வளையம் மாட்டிக்கணும், மூணு மாசம். வலியெல்லாம் இருக்காது."

"அதுனால எனக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"உங்களுக்கு இல்லீங்ணா. பின்னால வர்றவங்களுக்கு."

"அப்படின்னா மாட்டு அம்மிணி. சும்மாதானே கெடக்கறேன்."

அந்த வார்த்தையிலாவது அவளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லையே! 'மரமாக நடிக்க நீங்கள்தான் பொருத்தம்' என்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசியது. சொல்லாமல் செய்யக் கூசவில்லை. ஒப்புதல் தாளில் காப்பாளர் என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். ஆபீஸில், அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னாள்.

பதிவு என்றால் அதன்பாட்டுக்கு ஓடவிடுகிற வேலை இல்லை. எந்த நேரத்தில் உடம்புக்கு என்ன நடந்தது என்று கூடவே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் எது எந்த உணர்வு என்று இயந்திரத்துக்குத் தெரியாது. மேனகாவே பக்கத்தில் உட்கார்ந்து குறித்தாள். ஜன்னல் வெளிச்சம் அவர் மார்பில் விழுந்தால் 'வெயில்'. மேசை விசிறியைத் திருப்பிவிட்டால் 'காற்று'. ஒரு நாள் அவர் நெற்றியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஓட்டுவதற்குக் கையைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திக்கொண்டு, 'கிளையில் பறவை' என்று குறித்தாள். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது அவளுக்கு. காலையில் உடம்பு துடைக்கிற இருபது நிமிடத்துக்கு 'நீர்' என்று குறித்தாள்.

வேரோர் வெளியானார்கள். அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

வேரோர் தாமாக இடம் பெயர முடியாது என்று ஒரு விதி. வேறு இனத்தார் யாராவது குடத்தோடு வந்து உச்சியில் நீர் ஊற்றினால்தான் அன்றைக்கு நடக்கலாம். நீர் பட்டதும் மரத்துக்குள் இருக்கிறவருக்கு உச்சியிலிருந்து அடிவரை ஒரு சூடு இறங்கும். நெஞ்சு அடைக்கும். பிறகு கிளைத் தலை தானாகவே இடப்பக்கம் சாயும். ஆடியவர்கள் சொக்கிப்போனார்கள். சாமி வந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அதற்கு 'அருள்' என்று அவர்களே பெயர் வைக்க, கம்பெனியும் அதையே திரையில் போட்டுவிட்டது. தலை சாய்வது நன்றி சொல்வதாம். அதற்கு 'வேரோரின் வணக்கம்' என்று பெயர். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்வதற்காகவே மனிதரும் குள்ளரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு தரம் ஊற்றினால் போதும். அவர்களோ முப்பது தரம் ஊற்றினார்கள். இரண்டு வருடத்தில் வேரோராகப் பிறந்தவர்கள் நாற்பது லட்சம் பேர்.

மேனகா மட்டும் ஒரு தடவைகூட வேரோராக வளையத்தை மாட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், தலைவலி வந்துவிடும் என்பாள். உண்மை என்னவென்றால், அண்ணனின் உடம்புக்குள் போய்ப் படுக்க அவளுக்குப் பயம். நாற்பது லட்சம் பேரை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

இரண்டாம் ஆண்டு விழாவில் அந்தச் சாக்கு பலிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கண்காட்சி அரங்கு நிறையக் கூட்டம். முதலாளி தியாகு மைக்கைப் பிடித்து, "வேரோரைப் படைத்தவரே இப்போது வேரோராக நிற்கப் போகிறார்!" என்று அறிவித்துவிட்டார். இத்தனை பேர் கை தட்டும்போது தலைவலி என்று சொல்ல முடியுமா? மாட்டிக்கொண்டாள்.

முதலில் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. வெயில் இதமாக இருந்தது. காற்று வந்தது. கிளையில் பறவை உட்கார்ந்தபோது மட்டும், அதை விரட்ட முடியாத ஓர் எரிச்சல் பல்லைக் கூசவைத்தது. அதற்கே அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் மேடையேறி, மனித இனத்தில் நுழைந்து, சிரித்துக்கொண்டே குடத்தோடு வந்தாள். ஊற்றினாள்.

நீர் நெஞ்சில் பட்டது. உடனே அந்தச் சூடு இறங்கியது. ஐயோ, அதுவா அருள்! அது அவளுக்குத் தெரிந்த சூடு. பத்தாம் வகுப்பில் பாவாடையில் கறை பட்டு வகுப்பே பார்க்க எழுந்து நின்றபோது அவளுக்குள் இறங்கிய அதே சூடு. அதைப் போல நூறு மடங்கு. ஓடவும் முடியாது, மூடிக்கொள்ளவும் முடியாது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட மாட்டாளா என்ற தவிப்பு மட்டும் தொண்டைவரை வந்து அடைத்தது. அப்புறம், அசைக்க முடிந்த ஒரே இடமான கழுத்து மெல்ல இடது பக்கம் திரும்பியது.

இடது பக்கம். அவர்கள் வீட்டில் கட்டிலுக்கு இடது பக்கம் சுவர். தினமும் காலையில் துணியை நனைத்துப் பிழிந்து சட்டைப் பொத்தானை அவிழ்க்கும்போதே அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். தூக்கக் கலக்கம் என்று அவள் நினைத்திருந்தாள்.

வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் கரகரவென்று தண்ணீர். "அருள் இறங்கிருச்சு!" என்று யாரோ கத்த, அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. மேனகாவுக்கு அந்தத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அண்ணனுக்கு உடம்பு துடைக்க அவளால் முடியவில்லை. காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, காபியை மட்டும் ஊட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனாள். அங்கே நஸ்ரின் மட்டும் இருந்தாள். பதிவுகளைச் சுத்தம் செய்து இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவள் நஸ்ரின்தான்.

"அந்த 'நீர்' பதிவு எல்லாத்தையும் எடு நஸ்ரின். ஏதோ தப்பு நடந்திருக்கு."

"என்ன தப்பு? மொத்தம் தொண்ணூத்தியொரு நாள். அதுல எழுபத்தெட்டு எடுத்தோம், பதிமூணு தள்ளினோம். தள்ளச் சொன்னதே நீதானே."

"நானா? எதுக்கு?"

"நீ மாட்டிப் பாக்கல, வரைபடத்தப் பாத்துட்டே அந்தப் பதிமூணுல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னே. தண்ணி பட்டா தண்ணி பட்ட மாதிரிதான் இருந்துச்சு, ஜில்லுனு. மீதி எழுபத்தெட்டுலதான் அந்தச் சூடு. 'இதுதான் நமக்கு வேணும், அந்தச் சப்புனு இருக்கறதத் தூக்கிப் போடு'ன்னியே, மறந்துட்டியா?"

மேனகா தேதிகளைப் பார்த்தாள். தள்ளிய பதிமூன்றும் ஏழேழு நாள் இடைவெளியில் வரிசையாக இருந்தன. அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் மிஷின் சரியில்லையோ என்னமோ" என்றாள் நஸ்ரின்.

"மிஷின் சரியாத்தான் இருந்துச்சு. ஆள்தான் வேற."

ஞாயிற்றுக்கிழமை மேனகா உழவர் சந்தைக்குப் போவாள்; அன்றைய 'நீர்' குறியை வந்த பிறகு நேரம் கேட்டுப் போடுவாள். அன்று மட்டும் மாதேஸ்வரன் என்பவர் வந்து அண்ணனுக்கு உடம்பு துடைத்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருப்பவர், பக்கத்துத் தெருதான். மற்ற ஆறு நாளும் அவளேதான்.

"அப்ப மத்த நாள் யாரு?" என்று கேட்ட நஸ்ரின், மேனகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வளையத்தை எடுத்து நீட்டினாள். "ஞாயித்துக்கெழமைய ஒரு தடவ போட்டுப் பாக்கறியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பார்த்தாள். தண்ணீர் தண்ணீராக இருந்தது. குளிர்ச்சி, சோப்பு வாசனை, சொரசொரப்பான ஒரு கை, அக்குள் பக்கம் கொஞ்சம் கூச்சம். தொண்டையில் ஒரு சிரிப்புகூடக் கிளம்பியது. கழுத்து எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அண்ணன் நிம்மதியாக இருந்த பதிமூன்று நாளைத்தான் சப்பென்று இருக்கிறது என்று தூக்கிப் போட்டிருக்கிறாள்.

அடிபட்டுப் படுத்த முதல் வருடமே அவர் கேட்டிருந்தார். "அந்த மாதேசன தெனமும் வரச் சொல்லேன் அம்மிணி" என்று. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், எதுக்குங்ணா வேத்தாளு?" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். அதில் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் வெறும் பாசம் மட்டுமா? தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே சொன்னது. ஒரு பத்திரிகைக்காரர் வந்து, அவள் துணியைப் பிழிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்தப் போட்டோவை அவள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். அண்ணன் படுத்திருக்கிற அறையிலேயே மாட்டியிருந்தாள். அதை நினைத்ததும் மேனகா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லாம நீரை மட்டும் மாத்திடலாமா? ஞாயித்துக்கெழமையப் போட்டுடலாம். யாருக்கும் தெரியாது" என்றாள் நஸ்ரின், நல்ல எண்ணத்தில்தான்.

"அவருக்கும் தெரியாமத்தானே எடுத்தேன்" என்றாள் மேனகா. இதையும் தெரியாமல் செய்துவிட்டால், இன்னொரு முறை அந்தக் கட்டில் பக்கம் எந்த முகத்தோடு போவது? சொன்னால் அண்ணன் தன்னை வெறுத்துவிடலாம், அந்த ஒரு உறவும் போய்விடலாம். அதை நினைத்துப் பயந்து பயந்து ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று.

அர்த்தநாரி விழித்திருந்தார். "காச்சல் எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"காச்சல் இல்லீங்ணா. பொய் சொன்னேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு வருசத்துக்கு முந்தி தலையில வளையம் மாட்டுனமே, அந்த ஆராய்ச்சி..."

"அட ஆமா! நானே கேக்கணும்னு இருந்தேன். என்னாச்சு அது? யாருக்காச்சும் குணமாச்சா?"

இதற்கு அவர் ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம். மேனகா தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி இல்லை, விளையாட்டு. நரம்பு இல்லை, மரம். ஈ உட்கார்ந்ததைப் பறவை என்று எழுதியது. கையெழுத்து. நாற்பது லட்சம்.

"மரமா?" என்றார் அவர்.

"மரந்தாங்ணா."

"பரவால்ல போ. கல்லுன்னு சொல்லாம உட்டயே." சிரிக்கக்கூடப் பார்த்தார். பிறகு அவள் நீரைப் பற்றிச் சொன்னாள். ஊற்றினால் என்ன தெரிகிறது என்பதையும், ஜனங்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ மாட்டிப் பாத்தியா?"

"பாத்தேனுங்ணா."

"அந்தத் தண்ணி ஊத்தறதையா?"

"ஆமாங்ணா."

அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

"நாப்பது லட்சம் பேருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே. "அவங்களுக்கு நான் யாரு, எவருன்னு தெரியாது. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அம்மிணி இத்தன வருசமா செவுத்தப் பாத்துட்டுக் கெடந்தேன். அதையும் போய்ப் பாத்துட்டு வந்திருக்கியே."

மேனகா அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அவரைத் தொட்டு ஆறுதல் சொல்லலாம் என்று நீட்டிய கையை, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழிச்சுடறேனுங்ணா. இன்னிக்கே அழிச்சுடறேன்."

"அழிச்சா? என்ன மாதிரி வேற எவனாச்சும் படுத்திருப்பான், அவனப் போய்ப் புடிப்பாங்க." இப்போதுதான் அவர் முகம் இந்தப் பக்கம் வந்தது. கண் சிவந்திருந்தது. "என்ன பேரு சொன்னே? அருளா? அருளாம்! தூத்தேறி! அதுக்கு என்ன பேரோ அந்தப் பேர மொதல்ல எழுது. அதத் தெரிஞ்சுட்டு ஊத்தறவன் ஊத்தட்டும்."

திரையில் வருகிற எழுத்தை மாற்ற மேனகாவுக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. பிரிவுத் தலைவி என்ற முறையில் அவள் விரல் நுனியில் இருக்கிற வேலை அது. லேப்டாப்பைத் திறந்தாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். முடித்தபோது நீர் ஊற்றும் இடத்தில் இப்படி இருந்தது:

'இதன் பெயர் வெட்கம். தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ள முடியாத ஒருவருடைய வெட்கம். தலை சாய்வது வணக்கம் அல்ல, முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஊற்றும் முன் கேளுங்கள்.'

கீழே அவளாக ஒரு வரி சேர்த்தாள்: 'அவருக்குச் சொல்லாமல் இதை எடுத்தவள் நான், மேனகா.'

"உம்பேரு எதுக்கு? அத எடு" என்றார் அர்த்தநாரி.

"இருக்கட்டுமுங்ணா."

"வேலைக்கு ஒல வெச்சுருவாங்க அம்மிணி."

"வெக்கட்டுமுங்ணா" என்று பட்டனைத் தட்டினாள்.

அரை மணி நேரத்தில் தியாகு கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எட்டாவது தடவை எடுத்தாள். "யாரைக் கேட்டு இதைப் போட்டே?" என்று அவர் போட்ட சத்தம் கட்டில்வரைக்கும் கேட்டது.

"யாரைக் கேட்டிருக்கணுமோ அவரைக் கேட்டுத்தான் சார். ரெண்டு வருசம் லேட்டு, அவ்வளவுதான்."

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். எழுத்தை உடனே எடுத்துவிடுவேன் என்றார். எடுத்தும்விட்டார். ஆனால் அதற்குள் படிக்க வேண்டியவர்கள் படித்துப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் நஸ்ரின் செய்தி அனுப்பியிருந்தாள். ஏழ்வனத்தில் பாதிக்கு மேல் குடங்கள் தரையில் இருக்கின்றனவாம். விளையாட்டைக் கெடுத்துவிட்டாள் பாவி என்று மேனகாவைத் திட்டுகிறவர்கள் ஒரு பக்கம். மரத்துக்கு முன்னால் போய் நின்று, ஊற்றலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறவர்கள் ஒரு பக்கம். திட்டுகளை மேனகா ஒன்று விடாமல் படித்தாள். எல்லாம் நியாயமாகவே பட்டது.

அன்று ஞாயிறு. ஆறரைக்கு மாதேஸ்வரன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் வாளியில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தபோது மேனகா பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணனுக்கு இனிமே தெனமும் நீங்களே பண்ணிவிட முடியுமுங்களா?"

மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணன் கேட்டாருங்களா?"

"இல்ல. நாந்தான் கேக்கறேன்."

"தாராளமா வர்றேனுங்க." அவர் மறுபடி வாளிக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். என்னவோ சொல்ல வந்து தயங்கினார். "ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே? நாலு வருசத்துக்கு முந்தியே நான் அண்ணங்கிட்ட சொன்னேனுங்க. 'உங்க தங்கச்சி தொடறப்ப நீங்க படற பாடு எனக்குத் தெரியுமுங்க. நான் பேசறேன் அவங்ககிட்ட, தெனமும் நானே வந்துட்டுப் போறேன்'னு. அண்ணந்தான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன்?"

"'அவளுக்குக் கல்யாணம் காச்சி ஒண்ணும் அமையல மாதேசா. என்னைய வெச்சு ஊரு நாலு நல்ல வார்த்த சொல்லுது. அதக் கேக்கறப்ப அவ மூஞ்சி எப்படி மலருது தெரியுமா? அது ஒண்ணாச்சும் அவளுக்கு இருக்கட்டும். தெனம் இருபது நிமிசந்தானே, பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தாப் போகுது'ன்னாருங்க."

சொல்லிவிட்டு மாதேஸ்வரன் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மேனகா வாசலுக்கு வந்து நின்றாள். நேற்று தெரிந்துகொண்டது அண்ணனுடைய வெட்கம். இன்றைக்குத் தெரிந்துகொண்டது அதைவிடக் கனமாக இருந்தது.

எதிர் வீட்டம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் வழக்கமான சிரிப்போடு குரல் கொடுத்தார். "என்ன மேனகா, காலங்காத்தால அண்ணனுக்கு எல்லாம் பண்ணியாச்சா? எங்கூட்லயும் நாலு பொறந்திருக்குதே, உன்னய மாதிரி ஒண்ணு உண்டா!"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள் மேனகா. பிறகு தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். "நான் பண்றதில்லீங்க. இனிமே மாதேஸ்வரன் அண்ணந்தான் பண்றாரு."

"அப்படியா?" என்றார் எதிர் வீட்டம்மா. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வாளியில் மீதியிருந்த தண்ணீரை ஓரமாகக் கொட்டிவிட்டு, வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.